எழுத்துத் திரையும் ஆழ்ந்த ஆட்டமும்

கணினி விளையாட்டு என்று சொன்னதும் நம் மனக்கண்ணில் எழும் காட்சி என்ன? மழையில் நனைந்து பளபளக்கும் சாலை, வியர்வைத் துளி தெரியும் முகம், காற்றில் அசையும் புல்லின் நுனி. ஆண்டுக்கு ஆண்டு வரைகலை வளர்ந்து, திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் இடையிலுள்ள கோடு மங்கிக்கொண்டே வருகிறது. ஒரு பெரிய விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கான ஓவியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள்.

இத்தகைய காலகட்டத்தில், தட்டச்சுப் பொறியில் யாரோ கைபோன போக்கில் அடித்துத் தள்ளிய தாளைப் போன்ற திரையைக் கொண்ட ஒரு விளையாட்டு, பதினாறு ஆண்டுகள் ஓர் ஓவியமும் இல்லாமலேயே உலகெங்கும் ஆர்வலர்களைத் திரட்டியது. கற்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். வெற்றி என்று ஒன்று அதில் கிடையாது. ஆயினும் அதில் நுழைந்தவர்கள் எளிதில் வெளியேறுவதில்லை. நானும் அவர்களுள் ஒருவன். இரண்டாம் ஆண்டில் விடுதித் தோழர் ஒருவர் அறிமுகப்படுத்திய நாள்முதல், பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற பின்னரும் அதை விட்டபாடில்லை.

இந்த ஈர்ப்புக்கு என்ன காரணம்? வெறும் பழைமை மோகமா? 'எனக்குப் புரிகிறது, உனக்குப் புரியவில்லை' என்ற பெருமிதமா? அல்லது கற்றல் என்பதைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஏதோவொன்று இதில் உள்ளதா? இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குள்ளர் கோட்டை

நான் குறிப்பிடும் விளையாட்டின் பெயர் டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ். இனி இதைக் 'குள்ளர் கோட்டை' என்றே அழைப்போம். ஐரோப்பியத் தொன்மக் கதைகளில் மலையைக் குடைந்து வாழும் குள்ளர்களே இதன் மாந்தர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் சகோதரர் இருவர் இதை உருவாக்கினர். தம்பி டார்ன், 2005ஆம் ஆண்டு ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அண்ணன் ஸாக் பண்டைய வரலாறு படித்தவர். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதற்பதிப்பு வெளிவந்தது. அதன் பிறகு டார்ன் ஆய்வுப் பணியை விட்டு விலகி, முழுநேரமும் இதிலேயே ஈடுபட்டார். விளையாட்டு இலவசம். விரும்பியவர்கள் அனுப்பிய நன்கொடையே சகோதரர்களின் வாழ்வாதாரம். 2012ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கெனத் தேர்ந்தெடுத்த முதல் 14 கணினி விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

விளையாடத் தொடங்கியதும் கணினி முதலில் ஓர் உலகத்தை உண்டாக்கும். நிலத்தின் உயரம், மழையளவு, வெப்பம், நீர்வடிகால் ஆகியவற்றைக் கணக்கிட்டு மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் அமைக்கும். பின்னர் அவ்வுலகில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வரலாற்றை ஓடவிடும். அரசர்கள் பிறப்பர், போரிடுவர், மடிவர். அதன் பிறகே நம் முறை வரும். ஏழு குள்ளர்கள், ஒரு வண்டி, சிறிதளவு உணவு. அவ்வளவே நம் செல்வம். மலையைக் குடைய வேண்டும், பயிரிட வேண்டும், மது வடிக்க வேண்டும் (மதுவின்றிக் குள்ளர்கள் சோர்ந்துபோவர்), பகைவரைத் தடுக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குள்ளர் எவரையும் நாம் கைப்பிடித்து நடத்த முடியாது. 'இவ்விடத்தைத் தோண்டுக' என்று குறித்து வைக்கலாம். எவர், எப்போது தோண்டுவார் என்பது அவரவர் பொறுப்பு. அவர்களுக்கு நட்பு உண்டு, வெறுப்பு உண்டு, நினைவு உண்டு. பழைய பதிப்புகளில் ஒருவர் இறந்தால் அவருடைய நண்பர் மனமுடைந்து பொருள்களை உடைப்பார், அதில் இன்னொருவர் அடிபடுவார், அவருடைய உறவினர் சினம்கொள்வார். இப்படியே ஒரு சாவு ஒரு கோட்டையையே அழித்ததுண்டு.

இவை அனைத்தையும் காட்டிய திரையோ 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்டது. 1981ஆம் ஆண்டின் ஐபிஎம் கணினிக்கென வகுக்கப்பட்ட 256 குறிகளே அதன் வண்ணப்பெட்டி. குள்ளருக்குச் சிரித்த முகக் குறி. பூனைக்கு ஆங்கிலச் சிறிய எழுத்து 'சி'. யானைக்குப் பெரிய எழுத்து 'இ'. பெரிய எழுத்து 'டி' தோன்றினால் கதவை மூடுங்கள், அது டிராகன்!

வேர் எங்கே?

எழுத்தால் உலகைக் காட்டும் வழக்கம் ஆடம்ஸ் சகோதரர்களுக்கும் மூத்தது. 1980ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்னும் மாணவர்கள் 'ரோக்' என்ற விளையாட்டைப் படைத்தனர். கென் ஆர்னல்ட் பின்னர் இணைந்தார். அக்காலப் பல்கலைக்கழகக் கணினி முனையங்கள் பெரும்பாலும் எழுத்துகளை மட்டுமே காட்டவல்லவை. ஆகவே, ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் 26 வகை அரக்கர்களாயின. நிலவறையின் அமைப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். இறந்தால் இறந்ததுதான், முதலிலிருந்தே தொடங்க வேண்டும். தாங்கள் எழுதிய விளையாட்டே தங்களை வியப்பிலாழ்த்த வேண்டும் என்பது படைத்தவர்களின் விருப்பம். 1987ஆம் ஆண்டின் 'நெட்ஹாக்' முதலிய பல விளையாட்டுகள் இந்த மரபில் வந்தவையே.

ரோக் விளையாட்டுக்கு எழுத்துத் திரை ஒரு கட்டாயம். ஆனால் 2006ஆம் ஆண்டில் கட்டாயம் ஏதுமில்லை. வீட்டுக் கணினிகள் முப்பரிமாணக் காட்சிகளை எளிதாகக் காட்டிய காலம் அது. பின் ஏன் எழுத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்? மூன்று காரணங்களை முன்வைக்க விழைகிறேன்.

முதற்காரணம்: எழுத்துக்குச் செலவில்லை

ஓவியம் நிறைந்த விளையாட்டில் ஒரு புதிய விலங்கைச் சேர்க்க என்ன தேவை? உருவம் வரைய வேண்டும். நடக்கும்போது, பாயும்போது, காயம்படும்போது, இறக்கும்போது எனத் தனித்தனி அசைவுகள் வேண்டும். இடக்கால் இழந்த விலங்கு வேண்டுமென்றால் மீண்டும் வரைய வேண்டும். ஆகவே, விளையாட்டின் ஆழம் ஓவியரின் நேரத்தால் அளக்கப்படுகிறது. வரைய முடியாததை விதியாக்க எவரும் துணிவதில்லை.

எழுத்துத் திரையில் இந்தத் தடை இல்லை. குள்ளர் கோட்டையில் ஒரு விலங்கு என்பது ஓர் எழுத்தும், அதன் தோல், தசை, எலும்பு, உறுப்பு, குணம் ஆகியவற்றை விவரிக்கும் ஓர் உரைக்கோப்பும்தான். இடக்கால் போனாலும் திரையில் எழுத்து மாறுவதில்லை. உள்ளே கணக்கு மட்டும் மாறுகிறது. மிச்சப்பட்ட உழைப்பு முழுவதும் விதிகளுக்குள் சென்றது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த பதிப்பில் மதுக்கூடங்கள் சேர்க்கப்பட்டன. உடனே பூனைகள் காரணமின்றிச் சாகத் தொடங்கின. டார்ன் ஆராய்ந்து கண்டது இது: குள்ளர்கள் குடிக்கும்போது மது தரையில் சிந்தியது. தரையில் நடந்த பூனையின் பாதங்களில் மது ஒட்டியது. பூனை தன்னை நக்கித் தூய்மை செய்யும் இயல்புடையது என்று முன்பே விதி இருந்தது. நக்கியபோது மது உடலுக்குள் சென்றது. உடலின் எடைக்கேற்பப் போதை ஏறும் என்ற விதியும் இருந்தது. பாதத்தில் ஒட்டிய துளியை ஒரு முழுக்குவளையாகக் கணக்கிட்டதே கோளாறு. மதுவால் பூனை சாக வேண்டும் என்று எவரும் நிரல் எழுதவில்லை. தனித்தனியே எழுதப்பட்ட விதிகள் தாமாகவே கைகோத்து ஒரு நிகழ்ச்சியைப் படைத்துவிட்டன. ஆழம் என்று நான் சொல்வது இதைத்தான். விதிகளின் எண்ணிக்கை ஆழமாகாது. விதிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில்தான் ஆழம் பிறக்கிறது.

இரண்டாம் காரணம்: கண் கற்றுக்கொள்கிறது

முதல் நாள் திரையைப் பார்ப்பவருக்கு எழுத்துக்குப்பை மட்டுமே தெரியும். இரண்டு மூன்று வாரங்களில் ஒரு மாற்றம் நிகழும். எழுத்து மறைந்துவிடும். சமையற்கூடம் நெரிசலாக இருப்பதும், வாயிலில் காவலில்லாததும், கால்வாயில் நீர் ஏறுவதும் ஒரே பார்வையில் புலப்படும்.

இது மாயமன்று. உளவியல் இதை ஆராய்ந்துள்ளது. 1973ஆம் ஆண்டு வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்கத்தை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். உண்மையான ஆட்டமொன்றின் நடுநிலையை 5 விநாடி மட்டும் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். வல்லுநர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவரால் 4 காய்களையே வைக்க முடிந்தது. வல்லுநருக்கு நினைவாற்றல் அதிகம் என்று நினைக்கத் தோன்றுகிறதல்லவா? ஆனால் காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டியபோது வல்லுநரின் மேன்மை மறைந்துவிட்டது. அவர் தனிக்காய்களைப் பார்ப்பதில்லை. பொருளுள்ள தொகுதிகளைப் பார்க்கிறார். நாம் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டாமல் படிப்பதைப் போன்றதே இது.

தமிழ் கற்ற நமக்கு இது புதிதன்று. 'குறிஞ்சி' என்ற ஒரு சொல் திணை இலக்கணம் அறியாதவருக்கு ஒரு மலரின் பெயர் மட்டுமே. அறிந்தவருக்கோ அச்சொல்லில் மலையும் மலைசார்ந்த இடமும், கூதிர்க் காலமும், நள்ளிரவும், தலைவன் தலைவி கூடலும் ஒருங்கே விரிகின்றன. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மரபைக் கற்கும் வரையில் சங்கப் பாடல் கடினம். கற்றபின், சில அடிகளில் ஒரு நாடகமே அடங்கியிருப்பது தெரியும். குறைவான குறிகளில் நிறைந்த பொருளை வைக்கும் எந்தக் கலையும் முதலில் ஒரு விலையைக் கேட்கும். அவ்விலையைச் செலுத்தியவருக்குக் கிடைப்பது ஒரு புதிய கண். அந்த இன்பத்தை வரைந்து கொடுத்த படத்தால் தர முடியாது, ஏனெனில் அங்கே நம் பங்கு குறைவு.

மூன்றாம் காரணம்: தோல்வி கதையாகிறது

குள்ளர் கோட்டையில் எவரும் வெல்வதில்லை. வெள்ளம், பஞ்சம், முற்றுகை, பைத்தியம், ஆழத்தில் உறங்கும் அரக்கர் என ஏதோவொன்றில் கோட்டை ஒருநாள் வீழும், அல்லது ஆடுபவர் தாமே கைவிடுவார். 'தோற்பதே வேடிக்கை' என்பதுதான் ஆர்வலர்களின் முழக்கம். புள்ளி இல்லை, பரிசு இல்லை. எஞ்சுவது கதை மட்டும்.

என் கோட்டை ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். கொத்தனார் ஒருவருக்குத் திடீரெனப் படைப்பு வெறி பிடித்தது. இது விளையாட்டின் விதிகளுள் ஒன்று. அவர் பட்டறையைக் கைப்பற்றிக்கொண்டு, தமக்கு வேண்டிய கல்லைக் கேட்பார். கிடைக்காவிட்டால் பித்துப்பிடித்து மடிவார். கேட்ட கல் கிடைத்தது. பல நாள் உழைத்து ஒரு கற்கதவைச் செய்து முடித்தார். அதில் செதுக்கியிருந்த காட்சியை விளையாட்டு சில வரிகளில் விவரித்தது: யானை ஒன்று குள்ளர் ஒருவரை வீழ்த்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாயிலில் உண்மையாகவே நடந்தது அது. திரையில் நான் கண்டதோ கதவைக் குறிக்கும் ஒற்றைக் குறி. ஆனால் அக்கதவை எங்கே பொருத்துவது என்று அரைமணி நேரம் யோசித்தேன். இறந்தவருடைய கல்லறையின் வாயிலில் பொருத்தினேன். அப்படிச் செய்யும்படி விளையாட்டு கேட்கவில்லை. அதனால் எந்தப் பயனும் இல்லை. எண்களாலான ஒருவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவே. அக்கதவை எனக்கு வரைந்து காட்டியிருந்தால் இப்படித் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

மறுப்பும் விடையும்

'அப்படியானால் அழகற்ற திரையே சிறந்ததா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை என்பதே என் விடை. இங்கே நாம் இருவகைக் கடினங்களைப் பிரித்தறிய வேண்டும். நீர் எவ்வாறு பாயும், மனம் எவ்வாறு உடையும் என்று கற்பது ஒரு கடினம். ஒரு பட்டியலில் மேலே செல்ல ஒரு விசை, வேறொரு பட்டியலில் மேலே செல்ல இன்னொரு விசை என்று மனப்பாடம் செய்வது வேறொரு கடினம். முதலாவது விளையாட்டின் உயிர். இரண்டாவது வாயிலில் கிடக்கும் முள். பழைய குள்ளர் கோட்டையில் இரண்டும் இருந்தன. முள்ளைத் தாண்டியவர்கள் சிலர் அம்முள்ளையே பெருமையாகப் பேசியதும் உண்மை.

காலம் இதற்கு ஒரு நல்ல சோதனையை நடத்திக் காட்டியது. ஸாக் நோயுற்றதாலும், மருத்துவச் செலவு பற்றிய கவலையாலும், ஓவியங்களுடன் கூடிய விற்பனைப் பதிப்பை வெளியிடப்போவதாகச் சகோதரர்கள் 2019ஆம் ஆண்டு அறிவித்தனர். கனடாவின் கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் நிறுவனம் துணைநின்றது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அது ஸ்டீம் தளத்தில் வெளிவந்தது. குள்ளருக்கு முகமும் தாடியும் கிடைத்தன. சுட்டியைக் கொண்டே விளையாடவும் முடிந்தது. குறுகிய காலத்தில் லட்சக்கணக்கான படிகள் விற்றன.

என் தங்கை அப்பதிப்பில்தான் தொடங்கினாள். எழுத்துத் திரையை அவள் கண்டதே இல்லை. ஆனாலும் அவளுடைய முதல் கோட்டை பஞ்சத்தில் அழிந்தது. இரண்டாவது வெள்ளத்தில் மூழ்கியது. மூன்றாவதைப் பற்றி அம்மாவிடம் குள்ளர்களின் பெயர் சொல்லிக் கதை பேசுகிறாள். படம் வந்ததால் ஆழம் குறையவில்லை. ஏனெனில் ஆழம் முன்பே கட்டப்பட்டுவிட்டது. பதினாறு ஆண்டுகள் எழுத்து செய்த உதவி அதுவே: விதிகள் வளரும் வரையில் அது சாரமாக நின்றது.

நமக்கு என்ன பாடம்?

நம் பேரவை உறுப்பினர்கள் பள்ளி மாணவர்களுக்கான மொழி முகாம்களுக்கு விளையாட்டுகள் தயாரிப்பது வழக்கம். அப்போது நாம் முதலில் எதைத் தேடுகிறோம்? வண்ணப்படம், இசை, அசையும் எழுத்து. முதல் சுற்றில் மாணவர்கள் ஆரவாரம் செய்வர். இரண்டாம் சுற்றில் விடைகள் தெரிந்துவிடும். மூன்றாம் சுற்றுக்கு ஆளிருக்காது. தமிழைச் சுவையாக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் தமிழைச் சுற்றி வண்ணம் பூசுகிறோம். தமிழுக்குள் இருக்கும் ஆட்டத்தை வெளியே எடுப்பதில்லை.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். தமிழகக் கோயில்களின் கல்தளங்களில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளை இன்றும் காணலாம். சில கோடுகள், 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். காய்களுக்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். புலி வெட்டித் தின்னும், ஆடுகள் சூழ்ந்து அடைக்கும். இரு தரப்புக்கும் வெவ்வேறு வழி. தலைமுறை தலைமுறையாக ஆடியும் சலிக்கவில்லை.

ஆகவே, ஒரு யோசனையை முன்வைக்கிறேன். 21 வெள்ளை அட்டைகளை எடுத்துக்கொள்வோம். பத்தில் வினைப்பகுதிகள்: வா, நட, படி, உண், செல் போன்றவை. மூன்றில் காலங்கள்: கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். எட்டில் விகுதிகள்: ஏன், ஓம், ஆன், ஆள் போன்றவை. இவற்றைச் சேர்த்தால் 240 வினைமுற்றுகள் கிடைக்கும். 'படி' என்றால் படித்தான், 'உண்' என்றால் உண்டான், 'செல்' என்றால் சென்றான், 'வா' என்றால் வந்தான். ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறுகிறது? அதைக் கண்டுபிடிப்பவருக்கே அட்டை. படம் எதுவும் தேவையில்லை. பகுபத உறுப்பிலக்கணமே விளையாட்டின் விதியாகிவிடும். மாணவர் தடுமாறுவர், சண்டையிடுவர், பின்னர் ஒருநாள் இலக்கணம் அவர்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

எந்த விளையாட்டைத் தயாரித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். படத்தை எடுத்துவிட்டால் ஆட்டம் எஞ்சுமா? பத்தாம் முறை ஆடுபவருக்கு முதல் முறை தெரியாத ஏதேனும் தெரியுமா? தோற்றவர் தம் தோல்வியை நண்பரிடம் கதையாகச் சொல்வாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், அதன் பிறகு தாராளமாக வண்ணம் பூசலாம்.

முடிவாக

எளிய திரையும் கடினமான ஆட்டமும் ஒருவரை ஈர்ப்பதற்குக் காரணம், அவை அவரைப் பார்வையாளராக விட்டுவைக்காமல் பங்காளியாக்குவதே என்பது என் துணிபு. கடினம் என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் ஓடிவிடுவர் என்று நாம் அஞ்சத் தேவையில்லை. பொருளற்ற கடினத்திலிருந்துதான் ஓடுவர். பொருளுள்ள கடினத்தைக் கண்டால் இரவெல்லாம் விழித்திருப்பர். எந்த விடுதியிலும் இதைக் காணலாம்.

குள்ளர் கோட்டையை முயன்று பார்க்க விரும்பும் தம்பி தங்கையருக்கு ஒரு சொல். படங்களுள்ள பதிப்பிலேயே தொடங்குங்கள், அதில் இழுக்கொன்றும் இல்லை. முடிந்தால் ஆடிப் பழகிய ஒருவரை முதல் இரண்டு மாலைகள் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். முதலில் உணவுக்கும் மதுவுக்கும் வழிசெய்துவிட்டுப் பிறகு மாளிகை கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பருவத் தேர்வு முடிந்த பிறகு தொடங்குங்கள். கோட்டை எப்படியும் விழும், தேர்வில் விழ வேண்டாம்.